ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ச் சோதனை: போகலாமா?

போகலாம். 30 வயது தாண்டிய பெண்கள் அவசியம் போகவேண்டும். காசு கிடையாது, பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், முடிவையும் அங்கேயே சொல்லிவிடுவார்கள். தஞ்சாவூர்க்காரர்களுக்கு இது புதிதும் அல்ல; 2007-ல் தேனியிலும் தஞ்சாவூரிலும்தான் இந்தத் திட்டத்தை முன்னோட்டமாகத் தொடங்கினார்கள். திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்த ஆய்வில், ஒரே ஒருமுறை இப்படிப் பார்த்ததற்கே கருப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது.

சோதனைக்கு விஐஏ என்று பெயர். கருப்பை வாயில் 5 சதவீத அசிட்டிக் அமிலம் நனைத்த பஞ்சை வைப்பார்கள். கிட்டத்தட்ட வினிகர்தான். லேசாக எரியலாம், அவ்வளவே. முழுதாக ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தால், கெட ஆரம்பித்த இடம் மட்டும் சுண்ணாம்பு பூசினாற்போல், ஓரம் தெளிவாக வெளுத்து நிற்கும்.

அந்த வெளுப்புக்குப் பின்னால் இருப்பது எச்பிவி வைரஸ். முன்பெல்லாம் ஹெர்பிஸ் வைரஸைத்தான் சந்தேகித்தார்கள். ஜெர்மனியின் மருத்துவ விஞ்ஞானி ஹரால்ட் சுர் ஹவுசன் ஒத்துக்கொள்ளவில்லை. கட்டிகளுக்குள்ளேயே தேடி, அவரும் குழுவினரும் 1983-ல் எச்பிவி 16 என்ற வகையையும் அடுத்த ஆண்டு 18 என்ற வகையையும் கண்டெடுத்தார்கள். 2008-ல் நோபல் பரிசு வந்தது. பத்தில் ஏழு கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த இரண்டும்தான் காரணம். உடலுறவு வழியே பரவுவது என்பதால் யாரையும் தப்பாகப் பேசவேண்டாம். கட்டிய கணவனைத் தவிர யாரையும் அறியாதவருக்கும் வரும். பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் தானே போய்விடும். போகாமல் தங்கினாலும் புற்றாக மாற பத்துப் பதினைந்து வருடம் எடுக்கும். அந்த அவகாசத்தில்தான் இந்தச் சோதனை வேலை செய்கிறது.

குறைகளும் உண்டு. 5 மில்லி அடர் அமிலத்தை 95 மில்லி காய்ச்சி வடித்த நீரில் அன்றன்றைக்குக் கலக்கவேண்டும். பழைய பாட்டிலை ஓட்டினால் வெளுப்பு சரியாகத் தெரியாது. கூட்டம் இருந்தால் அந்த ஒரு நிமிடம் பதினைந்து விநாடியாகச் சுருங்கிவிடுகிறது. இதுதான் மோசம். மஞ்சள் வெளிச்ச டார்ச்சும் ஏமாற்றும், வெள்ளை விளக்கு வேண்டும். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பார்க்கவேண்டிய இடம் உள்ளே இழுத்துக்கொள்வதால் விஐஏ அவ்வளவாக நம்பத்தக்கதல்ல. அவர்கள் பாப் ஸ்மியர் (கருப்பை வாயின் செல்களைச் சுரண்டி எடுத்து ஆய்வகத்தில் பார்ப்பது) அல்லது எச்பிவி சோதனை கேட்கவேண்டும்.

இன்னொரு மனக்குறை, முகாம் தேதி. சம்பா நடவு நடக்கும்போது முகாம் போட்டால் கூலியை விட்டுவிட்டு யார் வருவார்கள்?

‘பாசிட்டிவ்’ என்றதும் அழவேண்டாம். அது புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கால்போஸ்கோப்பியில் பெரிதாக்கிப் பார்த்து, தேவைப்பட்டால் உறையவைத்தோ சூட்டால் பொசுக்கியோ எடுத்துவிடலாம். ஆனால் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாமலே விட்டுவிடுகிறவர்கள் உண்டு. செவிலியரிடம் தேதியும் எந்த அறை என்பதும் எழுதி வாங்குங்கள்.

மாதவிலக்கு நாட்களில் போகாதீர்கள். சோதனைக்கு முந்தின நாள் உடலுறவும், உள்ளே வைக்கும் மருந்தும் வேண்டாம். சிறுநீர் கழித்துவிட்டுப் படுங்கள். சுடிதாரைவிடப் புடவை வசதி. எச்பிவி டிஎன்ஏ சோதனை கிடைக்கும் இடமென்றால் அதையே எடுங்கள். வெளுப்பை அல்ல, வைரஸையே பிடிக்கும். 2021 முதல் உலக சுகாதார நிறுவனமும் அதைத்தான் முதலில் சொல்கிறது. எச்பிவி தடுப்பூசி போட்டுக்கொண்ட பெண்ணுக்கும் 30 வயதில் சோதனை உண்டு.