சக்கரம் மடக்கிய ஸ்பிட்ஃபயர்: கம்பியா, நரம்பா? பைலட்டுக்கு எந்தப் பெயின்ட்?

ஸ்பிட்ஃபயர், இரண்டாம் உலகப்போர் கால பிரிட்டிஷ் போர்விமானம். அதன் பிளாஸ்டிக் மாடலைச் சக்கரம் இறக்கி அலமாரியில் நிறுத்தினால், பைலட் உட்காரும் காக்பிட் காலியாக இருந்தாலும் யாரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. சக்கரத்தை மடக்கிப் பறக்கவிட்டால் மட்டும் உள்ளே ஆள் இருந்தாக வேண்டும். விமானத்தை எதில் தாங்குவது, அந்த ஆளுக்கு எதில் வண்ணம் அடிப்பது என்று இரண்டு கேள்விகள் ஒன்றாக வந்து நிற்கும்.

பெரும்பாலும் பைலட்டை முடித்து, காக்பிட்டின் கண்ணாடி மூடியான கேனப்பியை மூடிய பிறகுதான் ஸ்டாண்ட் ஞாபகம் வரும். நான் முதலில் ஸ்டாண்டை முடிவு செய்யச் சொல்வேன். விமானம் இடப்பக்கம் சாய்ந்து திரும்பினால் பைலட்டும் இடப்பக்கம்தான் பார்த்துக்கொண்டிருப்பார். கிட்டில் வரும் பொம்மையோ பாஸ்போர்ட் போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி நேரே முறைக்கும். கழுத்தை அறுத்துத் திருப்பி ஒட்ட வேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது என்பது சாய்வைப் பொறுத்தது.

என் மேசையில் இப்போது இருப்பது 1/72 அளவில் (நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு) ஒரு மார்க் 1, அதாவது ஸ்பிட்ஃபயரின் முதல் வகை. 1940-இல் இங்கிலாந்தின் மிடில் வாலப் தளத்திலிருந்து பறந்த, பிரிட்டிஷ் விமானப்படையின் 234-ஆம் ஸ்குவாட்ரனுடையது. அந்த ஸ்குவாட்ரனின் முழுப்பெயரில் ‘மெட்ராஸ் பிரசிடென்சி’ என்று ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பெயருக்காகவே எடுத்தேன். இறக்கை நுனிக்கு நுனி 156 மி.மீ. உட்கார்ந்திருக்கும் பைலட் என் கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியவர், அவ்வளவுதான்.

முதலில் நைலான் நரம்பு. செலவே இல்லை, தூரத்திலிருந்து கண்ணுக்கும் தெரியாது. ஆனால் இரண்டு இறக்கை, ஒரு வால் என மூன்று இடத்தில் கட்டினால்தான் நாம் நினைத்த சாய்வில் நிற்கும். சீலிங் ஃபேன் ஓடும் அறையில் அதுவும் நிற்காது. மெல்ல ஆடி ஆடிக் கடைசியில் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். தூசி துடைக்கவும் ஸ்டூல் போட்டு ஏற வேண்டும். அண்ணாந்து பார்ப்பதால் தெரிவது விமானத்தின் வயிறுதான். பைலட்டுக்கு உழைத்தது வீண்.

அடுத்தது பிளாஸ்டிக் ஸ்டாண்ட். ஏர்ஃபிக்ஸ் என்ற மாடல் கம்பெனியின் பழைய பெட்டிகளில் அது கூடவே வரும். இப்போது தனியாக வாங்க வேண்டும். வயிற்றில் உள்ள பிளவில் செருகினால் வேலை முடிந்தது. முதல் மாடலுக்கு இது போதும்.

உண்மையான போட்டி அக்ரிலிக் கம்பிக்கும் பித்தளைக் கம்பிக்கும்தான். கண்ணாடி போல இருப்பதால் அக்ரிலிக் தெரியாது என்று நினைத்து வாங்குகிறோம். விளக்கு வெளிச்சம் பட்டதும் டியூப்லைட் மாதிரி பளிச்சென்று நிற்கும். மெல்லியதாக வாங்கினால் கதவைச் சாத்தும்போதெல்லாம் விமானம் தலையாட்டும். 2 மி.மீ. பித்தளைக் கம்பி ஒளிந்துகொள்ள முயல்வதில்லை. ஆனால் விறைப்பாக நிற்கும், இரண்டு நாளில் கண் அதை மறந்துவிடும். என் ஓட்டு பித்தளைக்கே.

இதற்கு ஒரு முன்வேலை உண்டு. உடற்கூட்டின் இரு பாதிகளை ஒட்டும் முன்பே, கம்பி சரியாக நுழையும் அளவில் ஒரு பித்தளை டியூபை உள்ளே வைத்துச் சுற்றிலும் எம்-சீல் அப்பிவிட வேண்டும். இடம்: இறக்கையின் முன்விளிம்பிலிருந்து ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பின்னால். எடை அங்கேதான் சமமாகும். சாய்வுக்காக டியூபைச் சாய்க்க வேண்டாம், கம்பியைக் குறட்டால் வளைத்தால் போதும். கம்பியின் நுனியைச் சுத்தியலால் லேசாகத் தட்டிவிட்டால் இறுகப் பிடிக்கும். விமானம் சுற்றாது, வேண்டும்போது கழற்றித் துடைக்கலாம். ஜெட் விமானமாக இருந்தால் பின்னால் புகைபோக்கியிலேயே கம்பியைச் செருகிவிடலாம். ஸ்பிட்ஃபயருக்கு அந்த வசதி இல்லை. இன்னொன்று, மார்க் 1-இன் வால்சக்கரம் மடங்காது. பறக்கிறதே என்று அதையும் வெட்டிவிடாதீர்கள்.

புரொப்பெல்லர் சுழல்வதாகக் காட்ட வட்டமான பிளாஸ்டிக் தாள் ஒட்டுவதா, இதழ்களே இல்லாமல் விடுவதா? தாளில் விரல்ரேகை விழும். நான் இதழ்களை விட்டுவிடுவேன்.

சரி, பைலட். எனாமல் பெயின்ட்டில் நிறம் ஒரே பூச்சில் மூடும், பிரஷ் தடம் தெரியாது. ஆனால் ஒரு நிறம் அடித்தால் ஒரு ராத்திரி காத்திருக்க வேண்டும், வீடெல்லாம் டர்பென்டைன் வாடை வேறு. அக்ரிலிக் பெயின்ட்டில் ஒரே மாலையில் ஆளை முடித்துவிடலாம். மே மாதத்தில் பிரஷ் நுனியிலேயே காய்ந்துபோகும் என்பது அதன் குறை; நனைந்த ஸ்பாஞ்ச் மேல் தாள் விரித்த ஈரப் பலகையில் கலந்தால் ஓரளவு சமாளிக்கலாம். மஞ்சள்தான் அக்ரிலிக்குக்குக் கண்டம். கறுப்பு பிரைமர் மேல் மூன்று பூச்சு அடித்தாலும் திட்டுத்திட்டாகத்தான் நிற்கும். அங்கேதான் 1940 நமக்குக் கைகொடுக்கிறது. மே வெஸ்ட் எனப்பட்ட மிதவைச் சட்டை அப்போது மஞ்சளாக வரவில்லை, காக்கி மாதிரி மங்கிய நிறத்தில் வந்தது. கடலில் விழுந்தால் தேடுபவர்கள் கண்ணில் பட வேண்டும் என்று பைலட்டுகளே மஞ்சள் பூசிக்கொண்டார்கள். ஆகவே திட்டாக இருந்தால்தான் சரி!

முகத்துக்கு ஆயில் பெயின்ட். அடர்பழுப்பை டர்பென்டைனில் நீர்க்கக் கரைத்துத் தொட்டால் தோல் தொப்பியின் விளிம்பிலும் ஆக்சிஜன் மாஸ்க்கின் ஓரத்திலும் அதுவே போய் உட்கார்ந்து நிழலாகும். அடியில் காய்ந்த அக்ரிலிக் இருந்தால் கரையாது. எனாமல் இருந்தால் அந்தக் கரைப்பானே இளக்கிவிடும். என்னைப் பொறுத்தவரை அக்ரிலிக்கை ஜெயிக்க வைப்பது இதுதான். நீலச்சாம்பல் யூனிஃபார்மை ஒரு படி வெளிறலாகவே அடியுங்கள், கேனப்பி மங்கலாக்கிவிடும். இந்த அளவில் கண்விழி வரையப் போனால் ஆள் பேயறைந்தவன் மாதிரி விழிப்பான்.

திருப்பிய தலையைச் சூப்பர் குளூவால் ஒட்டினால் ஒரு நாளாவது காற்றோட்டமாக வைத்த பிறகே கேனப்பியை மூடுங்கள், அதையும் ஃபெவிகாலால். போன முறை ஹரிக்கேன் என்ற இன்னொரு போர்விமான மாடலில் எனக்குப் பொறுமையில்லை. ராத்திரியே மூடிவிட்டேன். காலையில் பார்த்தால் கேனப்பியின் உள்பக்கம் முழுக்க வெள்ளைப் படலம். யாராவது கேட்டால் மேகத்துக்குள் பறக்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.