ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் நாள்: நேர் விமானமா, வளைகுடா வழியா, தனித்தனி டிக்கெட்டா?

குளிர்காலக் கல்விப் பருவத்துக்காகச் சென்னையிலிருந்து ஜெர்மனிக்குக் கிளம்பும் மாணவர் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேராகப் போகும் லுஃப்தான்சா விமானம் ஒன்று. துபாயிலோ தோஹாவிலோ மாறிச் செல்லும் எமிரேட்ஸ், கத்தார் ஏர்வேஸ் விமானங்கள் இன்னொன்று. டில்லி அல்லது மும்பை வரை ஒரு டிக்கெட், அங்கிருந்து ஐரோப்பாவுக்கு வேறொரு டிக்கெட் என்று பிரித்து வாங்குவது மூன்றாவது. வீட்டில் உட்கார்ந்து பேசும்போது கட்டணத்தை வைத்தே பேச்சு முடிந்துவிடுகிறது. எந்த ஊரில், எந்தக் கிழமையில், எத்தனை மணிக்கு இறங்குகிறோம் என்பதை அதற்கு முன்பே பார்த்தாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காரணம், அறைச் சாவி. பல மாணவர் விடுதிகளில் சாவியை வேலை நாள்களில், அதுவும் குறிப்பிட்ட சில மணி நேரத்துக்குள் மட்டுமே தருகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை போய்ச் சேரும் மாணவர் திங்கள் காலை வரை வேறு இடத்தில் பணம் கொடுத்துத் தங்க நேரிடும். ஞாயிற்றுக்கிழமை ஜெர்மனியில் பெரிய ரயில் நிலையங்களிலும் விமான நிலையங்களிலும் உள்ள கடைகளைத் தவிர ஏறக்குறைய எல்லாக் கடைகளும் மூடியிருக்கும். அக்டோபர் 3 தேசிய விடுமுறை. அது வெள்ளியிலோ திங்களிலோ வந்தால் மூன்று நாள்கள் தொடர்ந்து அலுவலகம் கிடையாது. டிக்கெட்டில் மிச்சம் பிடித்த தொகை இந்த இடத்தில் சுலபமாகக் கரைந்துவிடும்.

நேர் விமானத்தின் பெரிய வசதி இந்த இடத்தில்தான் தெரிகிறது. நள்ளிரவு தாண்டிப் புறப்பட்டு, சுமார் 10 மணி நேரத்தில், அங்கே காலை வேளையில் இறக்கிவிடுகிறது. முதல் முனையத்திலிருந்து நடைபாலம் வழியாகவே தொலைதூர ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம். கொலோன் ஒரு மணி நேரத் தொலைவுதான். விமானத்தோடு சேர்த்தே ரயில் டிக்கெட்டையும் லுஃப்தான்சாவில் வாங்கினால், விமானம் தாமதமாகி ரயில் போய்விட்டாலும் அடுத்த ரயிலில் இடம் மாற்றித் தருவது அவர்கள் பொறுப்பு. பலரும் கவனிக்காத இன்னொன்றும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி, வெளியிலிருந்து ஒன்றியத்துக்குள் வரும் விமானம் ஐரோப்பிய நிறுவனத்துடையதாக இருந்தால்தான் இழப்பீட்டு உரிமை உண்டு. அதனால் சென்னை - ஃபிராங்க்ஃபர்ட் நேர் விமானம் நிறுவனத்தின் தவறால் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் 600 யூரோ வரை கேட்கலாம். துபாய், தோஹா வழியாக வரும் வளைகுடா நிறுவனங்களிடம் அந்த விதியைக் காட்டிக் கேட்க முடியாது.

ஆனாலும் சேர வேண்டிய ஊர் மியூனிக்கோ ஹம்பர்கோ என்றால் நான் வளைகுடா வழியையே சொல்வேன். எமிரேட்ஸ், கத்தார் இரண்டுமே அந்த ஊர்களுக்கு நேராகப் பறக்கின்றன, டுசல்டார்ஃபுக்கும் போகின்றன. ஆகன் பல்கலைக்கழகத்துக்குப் போகிறவர் டுசல்டார்ஃப் விமான நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து மாறாமல் ஆகன் வரை போகும் வட்டார ரயில் இருக்கிறது. இரண்டு பெரிய பெட்டிகள், முதுகில் ஒரு பை, கழுத்தில் தொங்கும் சான்றிதழ்க் கோப்பு ஆகியவற்றோடு, சில நிமிடமே நிற்கும் ஐசிஇ என்ற அதிவேக ரயிலில், அறிவித்த வரிசை மாறி வரும் ரயில் பெட்டியைத் தேடி நடைமேடையில் ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஒரே டிக்கெட் என்பதால் சென்னையில் ஒப்படைத்த பெட்டிகள் கடைசி ஊரில்தான் கைக்கு வரும். இடையில் விசாவும் தேவையில்லை. குறை என்றால், பெரும்பாலும் பிற்பகலில் இறங்குவதால் அன்றே சாவி வாங்க முடியாமல் போகலாம். விடுதிக்கு முன்கூட்டியே மின்னஞ்சல் எழுதி, மாற்று ஏற்பாடு உண்டா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். 2025 ஜூனில் கத்தார் தன் வான்வெளியை மூடியபோது பயணிகள் பலர் நடுவழியில் தங்க நேர்ந்ததையும் மறக்கக் கூடாது. அப்படிப்பட்ட வேளையிலும் ஒரே டிக்கெட் வைத்திருப்பவருக்கு மாற்று விமானம் கேட்கும் உரிமை இருக்கிறது.

மூன்றாவது வழியை முதல் பயணத்துக்கு நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. உள்நாட்டு விமானத்தில் பொதுவாக 15 கிலோதான் அனுமதி. ஐரோப்பிய டிக்கெட்டில் 46 கிலோ இருந்தாலும் சென்னைக் கவுன்டரில் அது செல்லாது, மிகுதி எடைக்குக் கிலோ கணக்கில் கட்ட வேண்டும். மும்பையில் முதல் முனையத்தில் இறங்கினால் பெட்டிகளை எடுத்துக்கொண்டு சாலை வழியாக இரண்டாம் முனையத்துக்குப் போய் மறுபடி வரிசையில் நிற்க வேண்டும். முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் இரு நிறுவனமும் பொறுப்பேற்காது.

எந்த வழியானாலும் எடையைக் கிலோவில் மட்டும் பார்த்துவிடக் கூடாது. சில நிறுவனங்கள் பெட்டிக்கு 23 கிலோ என்று எண்ணிக்கையோடு வரையறுக்கின்றன. சில மொத்த எடையை மட்டும் சொல்கின்றன, ஆனால் அங்கும் ஒரு பெட்டி 32 கிலோவைத் தாண்டக் கூடாது. பல நிறுவனங்கள் மாணவர் கட்டணத்தில் கூடுதல் எடை தருகின்றன. அம்மா உருக்கிக் கொடுக்கும் நெய்யும் பால்கோவாவும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் அனுமதியில்லாதவை; பால், இறைச்சிப் பொருள்கள் அனைத்துக்கும் அதே தடைதான். பச்சைக் கறிவேப்பிலையும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் போகாது. இட்லிப் பொடி, சாம்பார் பொடிக்குத் தடையில்லை.

விடுமுறைக்கு ஊர் திரும்பும்போது கணக்கு மாறுகிறது. ஜெர்மனியிலிருந்து புறப்படும் விமானம் எந்த நிறுவனத்துடையதானாலும் 261 விதி பொருந்தும். பெட்டியும் பாதி காலியாக இருக்கும். சாவிக் கவலையும் இல்லை. அப்போது மலிவான டிக்கெட்டைத் தேடி, இடையில் ஒரு நாள் இடைவெளி விட்டு மும்பை வழியாக வருவதில் தவறில்லை.