குடல் எரிச்சலுக்கு எது முதலில்: சாப்பாட்டு மாற்றமா, ரிஃபாக்சிமினா?

சாப்பிட்டதும் வயிறு உப்புவது, ஒரு நாளைக்கு நாலைந்து முறை ஓடுவது. இந்த வகை ஐ.பி.எஸ்.ஸுக்கு (குடல் எரிச்சல் நோய்) ஆய்வு பலம் உள்ள வழிகளில் இரண்டைப் பார்ப்போம். எங்கள் ஓட்டு சாப்பாட்டு மாற்றத்துக்கே. மாத்திரை அதற்குப் பிறகு.

ரிஃபாக்சிமின் ஒரு ஆன்டிபயாடிக் மாத்திரை. அது ரத்தத்தில் ஏறுவது மிகச் சொற்பம். குடலுக்குள்ளேயே வேலை செய்யும். அளவு 550 மி.கி., மூன்று வேளை, 14 நாள்: மொத்தம் 42 மாத்திரை. இந்த மருந்தைச் சோதித்து 2011-இல் வெளியான, டார்கெட் என்ற பெயருள்ள இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால், மருந்து எடுத்தவர்களில் 40.7 சதவீதம் பேருக்குப் போதிய நிவாரணம் கிடைத்தது. ஒப்பிடுவதற்காக மருந்தில்லாத மாத்திரை எடுத்தவர்களில் 31.7 சதவீதம். நூறு பேரில் ஒன்பது பேருக்குத்தான் மருந்தின் பலன். அவர்களிலும் பலருக்குச் சில மாதத்தில் தொல்லை திரும்பிவிடும். 200 மி.கி. மாத்திரையை நாலு நாள் போட்டுவிட்டுக் கேட்கவில்லை என்பவர்கள் ஆய்வில் சோதித்த அளவை எடுக்கவே இல்லை. மெடிக்கலில் கேட்டு வாங்கும் நார்ஃப்ளாக்சசின், டினிடசோல் கலவையும் இதற்கு ஈடல்ல. அவை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும்.

ஃபோட்மேப் என்பது சிறுகுடலில் சரியாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலில் புளித்து வாயு உண்டாக்கும் சர்க்கரை வகைகள். இவை குறைந்த உணவுமுறை மெல்போர்னின் மோனாஷ் பல்கலைக்கழகத்தில் உருவானது. இவை அதிகமுள்ள உணவுகளை 2 முதல் 6 வாரம் விலக்க வேண்டும். பிறகு ஒவ்வொரு வகையாக, மூன்று நாள் அளவை ஏற்றிச் சாப்பிட்டு, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கண்டுபிடிக்க வேண்டும். நம் சமையலில் முதல் வில்லங்கம் வெங்காயமும் பூண்டும். இவற்றிலுள்ள ஃப்ரக்டான் என்ற ஃபோட்மேப் வகை தண்ணீரில் கரையும், எண்ணெயில் கரையாது. சாம்பாரில் வெந்த சின்ன வெங்காயத்தை ஒதுக்கி வைத்தாலும் ஃப்ரக்டான் குழம்பில் இறங்கியிருக்கும். பூண்டை நல்லெண்ணெயில் வதக்கி, பல்லை எடுத்துவிட்டு, அந்த எண்ணெயில் தாளித்தால் மணம் மட்டும் வரும். சேலத்துத் தட்டுவடை செட்டில் தட்டையைவிட, நடுவே வைக்கும் வெங்காயம், பீட்ரூட், பூண்டுச் சட்னிதான் வயிற்றைக் கிளறும். சேலத்து ஜவ்வரிசியைக் கஞ்சியாகக் குடிக்கலாம்; பாயசமாக்கினால் பாலின் சர்க்கரையான லாக்டோஸும், அதுவும் ஒரு ஃபோட்மேப், சேர்ந்துவிடும். மாம்பழம் ஒரு சின்னத் துண்டோடு போதும். ஏற்காட்டுக் காப்பியில் பால் சேர்க்காவிட்டாலும் காஃபின் குடலை முடுக்கும்.

இங்கே நடக்கும் பெரிய தப்பு, கொஞ்சம் சுகமானதும் விலக்கிலேயே மாதக்கணக்கில் உட்கார்ந்துவிடுவது. குடலுக்கு நல்லது செய்யும் பிஃபிடோ பாக்டீரியாக்கள் குறையும், சத்தும் குறையும். இன்னொன்று, சீலியாக் (கோதுமையின் குளூட்டன் புரதம் குடலைக் கெடுக்கும் நோய்) ரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்துவது: நோய் இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடலாம். இவ்வளவு கணக்குப் பார்க்க முடியாதவர்கள் நேரத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட்டு, எண்ணெயும் காப்பியும் குறைத்தாலே போதும். 2015-இல் வெளியான சுவீடன் ஆய்வில் இந்தச் சாதாரண ஆலோசனையிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் குறைந்தது, ஃபோட்மேப் முறைக்குச் சமமாக.

ஆறு வாரம் ஒழுங்காக இருந்தும் குறையவில்லை, மலச்சிக்கலும் இல்லை என்றால் ரிஃபாக்சிமின் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். எடை குறைவது, மலத்தில் ரத்தம், மாலைக் காய்ச்சல், தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு வழியையும் தொடங்க வேண்டாம். குடல் காசநோயும் இப்படித்தான் ஆரம்பிக்கும். அப்போது முதலில் செய்ய வேண்டியது பரிசோதனை.