ஃபெலோஷிப் வாங்கித் தருகிறோம் என்று காசு கேட்பவர்கள்: ஆய்வு மாணவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

மொழியியல், தமிழ், வரலாறு, நாட்டார் வழக்காற்றியல் என்று கலைப்பிரிவில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். வெளிநாட்டு ஆய்வு நிதி வாங்கித் தருவதாகச் சொல்லும் ஓர் ஆலோசனை நிறுவனம் என்னிடம் 28,000 ரூபாய் வாங்கிக்கொண்டு ஏமாற்றியிருக்கிறது. புகார் நடப்பதால் பெயரைப் போடவில்லை. எப்படியும் அடுத்த மாதம் வேறு பெயரில் வருவார்கள். அவர்கள் வேலை செய்யும் விதம் தெரிந்தால் போதும்.

இவர்கள் யாரைத் தேடி வருகிறார்கள் என்பதிலேயே விஷயம் இருக்கிறது. யுஜிசி தரும் ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) வாங்கியவருக்கு முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. வீட்டு வாடகைப் படி தனி. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் தேர்ச்சி இருந்தும் ஜேஆர்எஃப் வரம்பை எட்டாதவர்கள், வயது வரம்பு தாண்டியவர்கள், பல்கலைக்கழகம் தரும் சொற்பத் தொகையில் கள ஆய்வும் முடித்து மெஸ் பில்லும் கட்டுகிறவர்கள், இவர்களுக்குத்தான் வாட்ஸ்அப்பில் செய்தி வரும். ஸ்காலர்கள் குழுக்களில் இருந்து எண்களை எடுக்கிறார்கள். எனக்கு வந்த முதல் செய்தியிலேயே என் துறை, என் ஆய்வுத் தலைப்பு எல்லாம் சரியாக இருந்தது.

நான் ஆய்வு செய்வது நீலகிரியில் கோத்தர் பழங்குடியினர் பேசும் மொழியை. யுனெஸ்கோவின் அழியும் மொழிகள் பட்டியலில் மிகக் கடைசிக் கட்டத்தில் வைக்கப்பட்ட மொழி அது. அதனால் அவர்கள் காட்டிய ஆசையும் அதற்கேற்றதாகவே இருந்தது: இஎல்டிபி. அழியும் நிலையிலுள்ள மொழிகளை ஆவணப்படுத்த நிதி தரும் உண்மையான திட்டம்தான் அது. ஆர்க்கேடியா என்ற அறக்கட்டளையின் பணத்தில் 2002இல் லண்டன் சோவாஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. மொழியியல் படித்த யாருக்கும் தெரிந்த பெயர். திட்டம் உண்மை என்பதால் நடுவில் நிற்கிறவரும் உண்மை என்று நம்ப வைப்பது அவர்களுக்கு எளிதாகிவிடுகிறது.

பதிவுக்கு 5,000, ப்ரொபோசல் (ஆய்வுத் திட்ட முன்மொழிவு) எழுத 15,000, ‘சமர்ப்பிப்புக் கட்டணம்’ 8,000. எல்லாம் ஒரு தனிநபரின் ஜிபே எண்ணுக்கு. ரசீது என்று வந்த பிடிஎஃப்பில் ஜிஎஸ்டி எண் இல்லை. அடுத்து ‘தூதரக அனுமதி’ என்று 12,000 கேட்டபோது, முதலில் நீங்கள் அனுப்பிய விண்ணப்பத்தைக் காட்டுங்கள் என்று பிடிவாதமாக நின்றேன். ஒருவழியாக அனுப்பினார்கள்.

முகப்புக் கடிதம் லண்டன் முகவரிக்கு எழுதப்பட்டிருந்தது. அந்தத் திட்டம் 2021இலேயே பெர்லினுக்கு, பெர்லின்-பிராண்டன்பர்க் அறிவியல் கழகத்துக்கு மாறிவிட்டது. உள்ளே போனால் இன்னும் கூத்து. மொழியின் பெயரை மட்டும் மாற்றிவிட்டு வேறு யாருடைய ப்ரொபோசலையோ அப்படியே வைத்திருக்கிறார்கள். கோத்தகிரிப் பக்கத்து மலைக்கிராமத்துக்கான பட்ஜெட்டில் ஆறு மாதப் படகு வாடகை! இரண்டாம் பக்கத்தில் ‘கடலோரத்தில் வாழும் இச்சமூகம்’ என்று ஒரு வரி. போன் செய்து கேட்டால், “மேடம், ஃபார்மேட் அப்படித்தான், கமிட்டி அதையெல்லாம் பார்க்காது” என்கிறார் நிறுவனத்தில் பேசிய பெண். ஊட்டி ஏரியில் சவாரி விடவா படகு என்று கேட்டேன். லைனைத் துண்டித்துவிட்டார்.

இதுவரை சொன்னது காசு சம்பந்தப்பட்டது. அதைவிட எனக்கு ஆறாதது கடைசிப் பக்கம். கிராமத்தின் ஒப்புதல் கடிதம் என்று ஒன்றை அவர்களே தயாரித்திருக்கிறார்கள். ஊர்ப் பெரியவர் என்று ஒரு கற்பனைப் பெயர், அழகான ஆங்கிலக் கையெழுத்து, ரப்பர் ஸ்டாம்ப். கள ஆய்வுக்குப் போகிறவர்களுக்குத் தெரியும், ஒரு ஊரில் உட்காரவிட்டு, பேச்சைப் பதிவு செய்ய விடுவதற்கு எவ்வளவு காலம் பிடிக்கும் என்று. எங்கள் குரலை எடுத்துக்கொண்டு போய் என்ன செய்வீர்கள் என்று கேட்கிறவர்கள் அவர்கள். கேட்க எல்லா உரிமையும் உண்டு. அவர்கள் பெயரில் ஒரு பொய்க் கடிதம் எங்கோ சுற்றுகிறது என்றால் நாளைக்கு நான் அந்த ஊருக்குள் எந்த முகத்தோடு போவது? விண்ணப்பத்தை உண்மையில் அனுப்பினார்களா என்று கேட்டு விண்ணப்ப எண் கேட்டேன், வரவே இல்லை. அனுப்பவில்லை என்றால் நல்லது என்றுதான் இப்போது நினைக்கிறேன். கடிதம் பற்றி என் நெறியாளரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் நேரில் சொல்லிவிட்டேன்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “நீங்கள் கொடுத்தது ஆலோசனைக் கட்டணம், ஃபெலோஷிப்புக்கு இல்லை” என்றார்கள். ‘நூறு சதவீதம் உறுதி’ என்று அவர்களே போட்ட செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது.

இதே ஆட்கள் ஜேஆர்எஃப்பும் ‘ஏற்பாடு’ செய்வதாகச் சொல்கிறார்கள். நெட் தேர்வு எழுதாமல் ஜேஆர்எஃப் இல்லை. அதற்கான கட்டணத்தை, தேர்வை நடத்தும் என்டிஏ (தேசியத் தேர்வு முகமை) தளத்தில் நாமே கட்டுகிறோம். அமெரிக்காவில் ஆய்வு செய்வதற்கான ஃபுல்பிரைட்-நேரு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. ஐசிஎஸ்எஸ்ஆர் (இந்திய சமூக அறிவியல் ஆய்வுக் குழு), செம்மொழி நிறுவனம் எல்லாம் தங்கள் தளத்திலேயே அறிவிப்பு வெளியிடுகின்றன, விண்ணப்பிப்பது ஆய்வாளரே. பட்ஜெட் போடத் தெரியவில்லை என்றால் ஏற்கெனவே நிதி வாங்கிய சீனியரிடம் கேளுங்கள், ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் போதும். விண்ணப்பம் உங்கள் மின்னஞ்சலில் இருந்து போக வேண்டும், பதிலும் உங்களுக்கு வர வேண்டும். ‘எங்கள் ஐடியில் போட்டுக்கொள்கிறோம்’ என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

பணம் போனவர்கள் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்தக் கணக்கை முடக்க அவ்வளவு வாய்ப்பு. சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் உதவி எண் 1915. இரண்டிலும் புகார் பதிந்திருக்கிறேன். பணம் இன்னும் வரவில்லை.

இன்னொரு விஷயம். அந்தப் படகு வாடகை ப்ரொபோசல் யாரோ ஒருவர் உட்கார்ந்து நன்றாக எழுதியது. முறையியல் பகுதியைப் படித்தாலே தெரிகிறது. தீவு அல்லது கடலோர மொழி ஒன்றில் வேலை செய்கிறவராக இருக்க வேண்டும், அவரும் இவர்களிடம் காசு கட்டியவராகத்தான் இருப்பார். அது உங்களுடையது என்றால் எனக்கு எழுதுங்கள். பிரதி என்னிடம் இருக்கிறது, இருவரும் சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.