கப்பல் கதைக்கு எந்தக் கடல்பூதம்?

காரைக்குடிக்கோ தேவகோட்டைக்கோ கடல் கிடையாது. ஆனால் செட்டிநாட்டுக் குடும்பக் கதைகள் பலவும் கடலைக் கடந்துதான் வருகின்றன. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது வணிகம் செய்ய, போனவர்களின் கப்பலை வைத்து மிகுபுனைவு (ஃபேன்டசி) எழுத விரும்பும் ஒருவருக்கு முதலில் எழும் கேள்வி, அந்தக் கப்பலை மறிக்கும் பூதத்தை எங்கிருந்து எடுப்பது என்பதே. வடகடலின் கிராக்கன், கோயில் சிற்பத்து மகரம், இராமாயணத்தின் நிழல் பிடிக்கும் அரக்கி, நெய்தல் நிலத்து நம்பிக்கைகள் ஆகிய நான்கும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கின்றன. உருவத்தின் பருமனை வைத்து இவற்றை எடைபோடுவதில் பயனில்லை. பூதம் எந்த விதிக்குக் கட்டுப்பட்டது, அந்த விதி கப்பலில் இருப்பவர்களை என்ன செய்ய வைக்கிறது என்பதையே இங்கே அளவுகோலாகக் கொள்கிறேன்.

கிராக்கனை எடுப்பவர்கள் பெரும்பாலும் திரையில் பார்த்த கிராக்கனையே எடுக்கிறார்கள். நீண்ட கைகள் கப்பலைச் சுற்றும், பாய்மரம் முறியும், அத்துடன் அதன் வேலை முடிந்துவிடும். நார்வேயின் பெர்கன் நகரத்து ஆயர் எரிக் பொந்தோப்பிதான் 1752-53ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலில் மீனவர் சொல்லாகப் பதிந்திருக்கும் கிராக்கனோ வேறு மாதிரியானது. எண்பது, நூறு பாகம் (ஒரு பாகம் ஏறத்தாழ ஆறடி) ஆழம் இருக்க வேண்டிய இடத்தில் இருபது, முப்பது பாகத்திலேயே தரை தட்டினால், கீழே கிராக்கன் கிடக்கிறது என்று மீனவர்கள் அறிந்துகொள்வார்களாம். அதற்கு மேலே மீன் மொய்க்கும் என்பதால் அவர்கள் அங்கேயே தூண்டிலிட்டு அள்ளுவார்கள். ஆழம் மேலும் குறையத் தொடங்கினால் அது எழுகிறது என்று உணர்ந்து, துடுப்பை வலித்து விலகிவிடுவார்கள். இன்னும் ஒரு கூடை மீனுக்கு ஆசைப்பட்டு நிற்பதா, போவதா என்ற அந்தத் தயக்கத்தில் ஒரு முழுக் கதையே இருக்கிறது. அதை விட்டுவிட்டுக் கைகளை மட்டும் எடுத்துக்கொள்வது நட்டமான பேரம். 1857இல் ஸ்டீன்ஸ்ட்ரப் என்ற டென்மார்க் அறிஞர் ராட்சதக் கணவாய்க்கு அறிவியல் பெயரிட்டபின் அந்தக் கைகளின் மர்மமும் பெருமளவு கரைந்துவிட்டது.

மகரம் நமக்கு மிக நெருக்கமானது. வருணனின் ஊர்தியும் காமனின் கொடியும் அதுவே. யானைத் துதிக்கை, முதலை வாய், மீன் உடல் என்று கலந்த அதன் வடிவத்தைத் திருவாசிகளிலும் தோரணங்களிலும் பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆயினும் மகரத்துக்கென்று தனிக்கதை வலுவாக இல்லை. அது சுமக்கும், அலங்கரிக்கும், வாயிலிருந்து கொடியையும் பூவையும் உமிழும், எதையும் விரும்பாது. கப்பலின் முகப்பில் செதுக்க அது பொருத்தமானது. கப்பலை மறிக்க அதனிடம் காரணம் இல்லை. கடலடியில் குதிரை முகத்தோடு எரிந்து நீரைக் குடிக்கும் வடவைத் தீயையும் சிலர் பரிந்துரைப்பார்கள். ஊழிக்காலத்துக்கு உரிய அதை ஒரு வணிகக் கப்பலுக்கு எதிராக நிறுத்துவது கொசுவுக்குப் பீரங்கி வைப்பதாகும்.

நிழல் பிடிக்கும் அரக்கியிடம் வரும்போதுதான் எனக்கு எழுதும் ஆசையே பிறக்கிறது. வால்மீகி இவளைச் சிம்மிகை என்றும் கம்பர் அங்காரதாரை என்றும் அழைக்கிறார்கள். வானில் பறக்கும் அனுமனின் நிழலைக் கடலிலிருந்தே அவள் பற்றியதும் அவன் வேகம் குன்றுகிறது. எதிர்காற்றில் அகப்பட்ட பெருங்கப்பல்போல் ஆனான் என்று வால்மீகி உவமை சொல்கிறார். ஆதிகாவியமே கப்பலை நினைத்துக்கொண்ட இடம் அது. இப்படி ஓர் உயிர் உண்டு என்று சுக்கிரீவன் முன்பே சொல்லியிருந்ததால் அனுமன் அவளை அடையாளம் காண்கிறான் என்பதும் கவனிக்கத்தக்கது. கேள்வியறிவாக ஒரு விதி முன்பே வந்து சேர்கிறது. ஆபத்து நேரத்தில் அது நினைவுக்கு வருகிறது.

இந்த விதியைக் கப்பலுக்குப் பொருத்திப் பாருங்கள். நண்பகலில் கப்பலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிக் கிடக்கும். கிழக்கு நோக்கி ரங்கூனுக்குப் போகும் கப்பலுக்கு மாலையில் நிழல் முன்னால் நீளும். ஆகவே கப்பல் சேர்வதற்கு முன்பே அதன் நிழல் அவள் கைக்குப் போய்ச் சேரும். ஊர் திரும்பும்போது அதே ஆபத்து காலையில் வரும். நிலவொளிக்கும் நிழல் உண்டென்பதால் பௌர்ணமியைவிட அமாவாசையே நல்ல நாள் என்று மாலுமிகள் பஞ்சாங்கத்தைப் புரட்டுவார்கள். மேகம் மூடினால் அவளிடமிருந்து தப்பலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் வங்கக்கடலில் மேகம் மூடினால் அதன் பின்னே புயல் வரக்கூடும். வானம் தெளிந்தால் அரக்கி, இருண்டால் புயல் என்ற இந்த நெருக்கடியை நாம் கற்பித்து ஒட்டவைக்கவில்லை. நிழல் என்ற ஒற்றை விதியிலிருந்து அது தானாகவே வருகிறது.

அவளிடம் இல்லாதது உறவு. அவளுக்குப் பசி மட்டுமே உண்டு. யார் நிழலாக இருந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். நெய்தல் வழக்கு வெல்லும் இடம் இதுவே. பட்டினப்பாலை காட்டும் பரதவர் என்னும் மீனவர், சினைச் சுறாவின் கொம்பை நட்டு, அதில் தெய்வத்தை ஏற்றி வழிபட்டு, முழுநிலா நாளில் கடலுக்குப் போகாமல் இருந்தவர்கள். கொல்லக்கூடிய மீனின் கொம்பே கும்பிடும் தெய்வமாக நிற்கிறது. மணிமேகலையில் வரும் கடல்தெய்வம் இன்னும் சிக்கலானது. கப்பல் உடைந்து தத்தளித்த கோவலனின் முன்னோனைக் காப்பாற்றியதும் அதுவே. இந்திர விழாவைச் சோழன் மறந்தபோது புகார் நகரைக் கடல் கொள்ளச் சபித்ததும் அதுவே. செட்டிநாட்டு வணிகக் குடியினரான நகரத்தார் தம்மைப் புகார் எனப்பட்ட காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து பாண்டிய நாட்டுக்கு வந்த மரபினர் என்று சொல்லிக்கொள்பவர்கள் ஆதலால், அந்தத் தெய்வத்துக்கும் இந்தக் கப்பலுக்கும் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருப்பதாகக் கதாசிரியர் தாராளமாக எழுதலாம். கிராக்கனிடம் இப்படியொரு பாக்கியை ஏற்றவே முடியாது. எனினும் தெய்வத்துக்கு உடலும் விதியும் மங்கலாகவே இருக்கின்றன. கப்பல் தளத்தில் நிற்பவன் எதைப் பார்த்து ஓடுவான் என்பதை அங்காரதாரைதான் சொல்லித் தருகிறாள். ஆகவே சீற்றத்துக்குக் காரணத்தைக் கடல்தெய்வத்திடமும், பிடிக்கும் முறையை அரக்கியிடமும் வாங்குவேன்.

செட்டிநாட்டில் எழுதுபவருக்கு மட்டும் கிடைக்கும் பொருள் இன்னொன்றும் உண்டு. திருக்கார்த்திகையிலிருந்து இருபத்தொரு நாள் கணக்கிட்டு நகரத்தார் வீடுகளில் நடக்கும் பிள்ளையார் நோன்பில், இருபத்தொரு இழை நூலால் ஆன திரியை மாவில் வைத்து ஏற்றி, சுடரோடு வாயில் இடுவார்கள். கடலில் புயலில் சிக்கிய வணிகர்கள் நாளுக்கொரு நூலாக எடுத்து நாளை எண்ணிப் பிள்ளையாரை வேண்டிக் கரைசேர்ந்ததே இதன் தொடக்கம் என்று சொல்வார்கள். புயலில் தொடங்கிய கதையில் சுடர் விழுங்கப்படுகிறது. சுடர் போனால் நிழலும் போய்விடும். எழுதுபவரின் கை பரபரப்பது இயல்பு. ஆனால் இன்றும் வீட்டில் நடக்கும் நோன்புக்குப் பூதக்காரணம் கற்பித்தால் ஆச்சிமார்கள் முகம் சுளிப்பார்கள், அது நியாயமும்தான். பிள்ளையாரையும் இழையையும் தொடாமல், விளக்கொளியிலும் நிழல் விழும் என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். கப்பலில் இரவு எவரும் விளக்கேற்றக் கூடாது என்று கடைப் பொறுப்பாளரான மேலாள் கட்டளையிடட்டும். ரங்கூன் கிட்டங்கியின், அதாவது வணிகக் கூடத்தின், ஐந்தொகை என்னும் வரவுசெலவுக் கணக்கைக் கரை சேர்வதற்குள் முடித்தாக வேண்டும் என்று அவருக்கு அடுத்த நிலையிலுள்ள அடுத்தாள் அவரோடு மல்லுக்கு நிற்பான். பெட்டியடிப் பையன் என்னும் கடைச் சிறுவன் ஒளித்துவைத்த மெழுகுவத்தி இருவருக்கும் தெரியாமல் இருக்கும்.