மாதிரி ரயிலில் பேஸ் ஒலி: வட்ட ஸ்பீக்கரா, சுகர் கியூபா?

டீசல் லோகோவின் (ரயில் எஞ்சினின்) உறுமலை எச்ஓ அளவு (1:87) மாதிரிக்குள்ளிருந்து கேட்க விரும்புபவருக்கு இயற்பியல் சாதகமாக இல்லை. ஒலியின் வலிமை குறையாமல் அதிர்வெண் பாதியாக வேண்டுமானால், ஸ்பீக்கரின் சவ்வு நான்கு மடங்கு தொலைவு அசைய வேண்டும். விரல்நகம் அளவுள்ள சவ்வுக்கு அது இயலாது. ஆகவே இங்கே பேஸ் (தாழ்ந்த ஒலி) என்று நாம் சொல்வது மெய்யான 50 ஹெர்ட்ஸ் அன்று. சில நூறு ஹெர்ட்ஸ் பகுதி நிறைவாக ஒலித்தால், விடுபட்ட அடிச்சுரத்தை அதன் மேற்சுரங்களைக் கொண்டு காதே ஊகித்துக்கொள்ளும்.

28 மி.மீ. வட்ட ஸ்பீக்கரையும் 11×15 மி.மீ. சுகர் கியூபையும் (சர்க்கரைக் கட்டி போன்ற சிறு செவ்வக ஸ்பீக்கர்) அருகருகே வைத்தால், முன்னதன் முகப்பரப்பு மூன்றரை மடங்குக்கும் அதிகம். தாளில் அதுவே வெல்கிறது. லோகோவுக்குள் நிலைமை வேறு, ஏனெனில் வட்ட ஸ்பீக்கர் இடத்தையெல்லாம் தானே பிடித்துக்கொண்டு, தன் பின்னால் இருக்க வேண்டிய பெட்டிக்கு ஆழம் விடுவதில்லை. பெட்டி இல்லாவிட்டால் சவ்வின் முன்புற அலையும் பின்புற அலையும் ஒன்றையொன்று அழித்துவிடும். பெட்டி மிகச் சிறிதானால் உள்ளே அடைபட்ட காற்று விறைத்த சுருள்வில்லாகி, ஒத்ததிர்வு அதிர்வெண்ணை மேலே தள்ளிவிடும். கைப்பேசிகளுக்காக உருவான சுகர் கியூப் தன் பருமனுக்கு நன்றாகவே அசைகிறது, மிச்சமிருக்கும் இடத்தையும் பெட்டிக்கே விட்டுக்கொடுக்கிறது. எச்ஓவில் என் தேர்வு ஆழமான பெட்டியோடு கூடிய சுகர் கியூப்தான். எச்ஓவைவிடப் பெரிய ஓ அளவில் இடம் தாராளம் என்பதால் அங்கே வட்ட ஸ்பீக்கரையே எடுப்பேன். எதை எடுத்தாலும் கம்பி வெளிவரும் துளையைப் பசையால் அடைக்காமல் விட்டால் பட்ட பாடு வீண்.

இரட்டைச் சுகர் கியூப் கூடுதல் காற்றைத் தள்ளும் என்பது உண்மை, ஆனால் இரண்டும் ஒரே பெட்டியைப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் பாதிக் கொள்ளளவே கிடைக்கும். இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்கள் தொடரில் 16 ஓம், இணையில் 4 ஓம் ஆகும். லோகோவை இயக்கி ஒலியும் எழுப்பும் மின்பலகையான லாக்சவுண்ட் 5 டீகோடர் 4 முதல் 32 ஓம் வரை ஏற்கும். 100 ஓம் ஸ்பீக்கருக்காக வடிவமைக்கப்பட்ட பழைய லாக்சவுண்ட் 3.5-இல் இந்த 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பொருத்தினால் ஒலிப்பெருக்கிப் பகுதி கருகக்கூடும். பழைய லோகோ வாங்கியவர்கள் இதை முதலில் பார்ப்பது நல்லது.

துளைக் குழாய் வைத்த பேஸ் ரிஃப்ளெக்ஸ் பெட்டியை எச்ஓவுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். இத்தனை சிறிய கொள்ளளவைத் தாழ்ந்த அதிர்வெண்ணுக்குச் சுருதி கூட்ட நீண்ட, ஒடுங்கிய குழாய் வேண்டும். அதில் காற்றின் சீறலே மிஞ்சும்.

நீராவி லோகோவானால் டெண்டருக்குள்ளும் (பின்னால் வரும் எரிபொருள், நீர் வண்டி), டீசலானால் எரிபொருள் தொட்டியிலும் பெட்டிக்கு இடம் தேடலாம். எடைக்கட்டியை அறுத்து இடம் உண்டாக்கினால் இழுவை குறையும். டீகோடரில் ஈக்வலைசர் (ஒலிப் பட்டைகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் வசதி) இருந்தால், பேஸ் வேண்டுமென்று மிகத் தாழ்ந்த பட்டையை உயர்த்தத் தோன்றும். ஸ்பீக்கரால் தர முடியாத அந்தப் பட்டையைக் குறைத்துவிட்டு, அதற்கு அடுத்ததைச் சற்றே உயர்த்தினால் சவ்வு கரகரக்காமல் உறுமல் கனமாகும்.