முழங்கால் அடிபட்டால் எக்ஸ்ரேயோடு வீட்டுக்கு வந்துவிடாதீர்கள்

திருகோணமலையில் மோட்டார் சைக்கிள் ஓடுகிற எல்லாருடைய வீட்டுக்காரருக்கும் இதை எழுதுகிறேன்.

நிலாவெளி வீதியில் மாடு குறுக்கே வந்து என் தம்பி விழுந்தான். இரத்தமே இல்லை, இடது முழங்கால் மட்டும் வீக்கம். "முழங்கால் ஒருக்கா விலகிப் போய்த் திரும்பி இருந்த மாதிரிக் கிடக்கு அக்கா" என்றான். டவுனில் ஒரு தனியார் மருத்துவ நிலையத்துக்குக் கொண்டுபோய், அதை அப்படியே டாக்டரிடம் இரண்டு தரம் சொன்னேன். எக்ஸ்ரேயில் எலும்பு சரியாம். கட்டும் வலிக்குளிசையும் தந்து அனுப்பினார். பாதத்தில் நாடி பார்க்கவேயில்லை.

இரவு ஒன்பது மணிக்கு வலியில் கத்தத் தொடங்கினான். அந்த டாக்டருக்குப் போன் எடுத்தேன். "கட்டு இறுக்கமா இருக்கும், காலை உயர்த்தி வையுங்கோ, காலமை பார்ப்பம்." பதினொரு மணிக்குக் கட்டைத் தளர்த்திப் பார்த்தேன். வலது பாதம் சூடு, இடது பாதம் ஐஸ்பெட்டியில் கிடந்த மீன் மாதிரி. பெருவிரல் நகத்தை அமத்தி விட்டேன், வெள்ளையாகவே நின்றது. கிள்ளினதும் அவனுக்குத் தெரியவில்லை. உடனே 1990 அம்புலன்ஸுக்கு அடித்தோம். பெரியாஸ்பத்திரியில் பார்த்த கையோடு கண்டிக்கு அனுப்பினார்கள். ஹபரணை, தம்புள்ளை தாண்டும்வரை அந்தப் பாதத்தைக் கையில் பிடித்தபடியே இருந்தேன்.

சத்திரசிகிச்சை நிபுணர் விளக்கினார்: முழங்காலுக்குப் பின்னால் ஓடும் பெரிய இரத்தக்குழாய் மேலேயும் கீழேயும் இறுகப் பிடிபட்டிருக்கும். மூட்டு விலகும்போது அது இழுபட்டு உட்சுவர் கிழிகிறது. முதலில் இரத்தம் ஓடும், நாடியும் துடிக்கும். மணித்தியாலங்கள் போக, கிழிந்த இடத்தில் இரத்தம் உறைந்து அடைக்கும். அடைபட்டு 6 மணித்தியாலம் தாண்டினால் காலையே எடுக்க வேண்டி வரலாம். எக்ஸ்ரேயில் இது தெரியாது. கையிலும் கணுக்காலிலும் பிரஷர் அளந்து, கணுக்கால் அளவு கையளவில் 0.9 பங்குக்குக் குறைந்தால் சாயம் ஏற்றி சிடி ஸ்கேன் எடுக்க வேண்டும். நாடி நன்றாக இருந்தாலும் வீட்டுக்கு விடாமல் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும்.

கழுத்து இரத்தக்குழாயிலும் இப்படி நடந்து மூளைக்குப் போகும் இரத்தம் தடைப்படுமாம். சீட் பெல்ட் கழுத்தை இழுத்தவருக்கு ஒன்றிரண்டு நாள் கழித்து வாய் கோணினாலோ கை சோர்ந்தாலோ உடனே ஓடுங்கள்.

வலது காலில் இருந்து இரத்தநாளம் எடுத்து இடது காலில் பொருத்திக் காலைக் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் பாதத்தை உயர்த்த முடியாது. செருப்புக் கழன்றாலும் தெரியாமல் நடக்கிறான்.

மருத்துவ நிலையத்தில் போய்க் கேட்டேன். "இஞ்ச கொண்டு வரேக்க கால் சூடாத்தானே இருந்தது" என்றார் அந்த டாக்டர். அவர் எழுதின துண்டில் 'சுளுக்கு' என்று இருக்கிறது. அதன் பிரதியோடு இலங்கை மருத்துவ சபைக்கு முறைப்பாடு அனுப்பியிருக்கிறேன்.